ஐந்தடி எட்டு அங்குலம்

இன்று காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் தேடிக்கொண்டிருந்த அம்சங்கள் அனைத்தும் கொண்ட சிறிய பாய்மரப் படகு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறதாம். இன்னும் விருப்பம் உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். இருபத்திரண்டு அடி நீளம். இருவர் படுக்கக் கேபின். கதவு வைத்த கழிப்பறை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ட்ரெய்லர். படகின் அடியில் தொங்கும் கனத்த பலகையான கீல், ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளக்கூடியது. கேபினுக்குள் நிற்கும் உயரம் ஆறடி ஒரு அங்குலம். கூரையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எட்டு வருடத்தில் நமக்கு அது தோன்றவே இல்லை.

நீ ஆறடி. மிச்சம் ஒரு அங்குலம் தலைமுடிக்கு என்று சொல்லியிருப்பாய். கடைசி மாதங்களில் அதுவும் தேவைப்படவில்லை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. படகு விற்கும் இணையதளத்துக்கு இதை யார் போய்ச் சொல்வது.

முடிச்சூரில் நம் தெருவுக்கு வெள்ளம் வந்த அன்று ஆரம்பித்த படகு வியாதி இது. கோவளம் பக்கத்து மீனவர்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மளிகைக்கடை வாசலில் தண்ணீரில் இறக்கினார்கள். "ஒரே பக்கமா குந்தாத சார், கவுந்துக்கும்" என்றார் படகோட்டி. அவர் சொன்னது என்னிடம். நான் படகின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. மற்றவர்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நீ ஒருவன் மட்டும் முனையில் உட்கார்ந்து, விடுமுறைக்குப் புறப்பட்டவன் முகத்தோடு, "யோவ், நம்மளுக்குன்னு ஒண்ணு இருக்கணும்யா" என்றாய். பெட்டிக்கடை, மின்மாற்றி, பிள்ளையார் கோயில் என்று நம் தெரு முழுவதையும் நீ ஒரு கடற்கரையைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

பிறகு, தண்ணீர் வராத இடமாக வேண்டும் என்று மேடவாக்கத்தில் மூன்றாம் மாடி வாங்கினாய். அங்கே உண்மையிலேயே தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் மொட்டை மாடியில் உட்கார்ந்து படகு தேர்ந்தெடுத்தோம். உலகத்தில் எங்கெங்கோ விற்பனைக்கு வந்த பழைய படகுகளையெல்லாம் கைப்பேசியில் வரவழைத்து, ஒவ்வொன்றாக நிராகரித்தோம். கீல் என் கட்சி. முட்டுக்காட்டுக் காயலில் முழங்கால் ஆழத்தில்கூடத் தரை தட்டும். கீலைத் தூக்க முடியாவிட்டால் படகு அங்கேயே நட்ட கல்தான் என்று புத்தகம் படித்துச் சொன்னேன். நிமிர்ந்து நிற்கும் உயரம் உன் கட்சி. இவ்வளவு சிறிய படகில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம் என்று ஆறே மாதத்தில் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு தேடுவது இன்னும் சுகமாக இருந்தது, எனக்கு.

நம் விதி நினைவிருக்கிறதா? இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் படகு வேண்டாம். காரணம் ஒன்று போதும். மறுபேச்சு கிடையாது. நாட்டையே அப்படி நடத்தலாம் என்று பெருமைப்பட்டோம்.

தப்பித் தவறி ஒரு படகு தேறினால், அதை மாடியில் முழு அளவில் வரைந்து பார்ப்போம். உன் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்து, "முன்பக்கம் கூரா வேணுமா, மழுங்கலா வேணுமா?" என்று கேட்டு, ஒரே இழுப்பில் படகின் வயிற்றை வளைத்துவிடுவாள். கேபினின் கூரைக்குப் பதிலாக அந்தப் படகின் உயரத்துக்குத் துணி காயவைக்கும் கொடியைக் கட்டுவோம். பிறகு நாம் இருவரும் கோட்டுக்குள் படுத்து, எழுந்து, கற்பனைக் கழிப்பறைக்குப் போய், கற்பனைக் கதவைச் சாத்திவிட்டு வருவோம். முதல் முறை பார்த்த வாட்ச்மேன், "இன்னா சார் இது, யாருக்கு? இம்மாம் பெருசா கீது" என்று, சமாதிக்குக் கோடு போட்டதைப் பார்த்தவர்போல், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ரெண்டு பேருக்குய்யா" என்றாய். அவர் அதற்குப் பிறகு நம்மை மரியாதையோடு தவிர்த்தார்.

ஒரு ஞாயிறு டேப்பை எடுத்து வந்து, "கையைத் தூக்கு. படுக்கை அகலம் பாக்கணும்" என்று என் மார்பைச் சுற்றி அளந்தாய். படுக்கைக்கு எதற்குச் சுற்றளவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிப் படகு வந்தது. ஊர் திரும்பும் ஒரு வெளிநாட்டுக்காரருடையது. கீல், கதவு, ட்ரெய்லர் எல்லாம் இருந்தன. பேருந்தில் போய் அன்றைக்கே பார்த்துவரும் தூரம். நிற்கும் உயரம் மட்டும் ஐந்தடி எட்டு அங்குலம். நீ கொடியை அந்த உயரத்தில் கட்டி, அதற்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாய். உன் மனைவி காபி கொண்டுவந்தாள். அதையும் சாய்ந்தபடியே குடித்தாய்.

"போதும்யா" என்றாய். "முப்பது வருஷமா ஆபீஸ்ல குனிஞ்சுதானே நிக்கிறேன். இங்க காத்தாவது வரும்."

"வேண்டாம்" என்றேன். "உன் கழுத்து என்னத்துக்கு ஆகும்? உனக்குச் சரியா அமையறது வரட்டும்."

என் உயரம் ஐந்தடி நான்கு. நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். விதி விதிதான். கொடியை அவிழ்க்காமல் கீழே இறங்கிப் போனாய்.

அது உன் கழுத்தின் மீதுள்ள அக்கறை அல்ல. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சொந்தத் தெருவில், மார்பளவுத் தண்ணீரில் படகேறியதிலிருந்து, வாளி நிறையும் சத்தம்கூட எனக்கு ஆகாது. படகு வாங்குவதற்காக நான் உன்னோடு தேடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்காகத் தேடினேன். இல்லாத படகுதான் எனக்கு ஏற்ற படகு. அதை உன்னிடம் ஒரே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனையில் கட்டிலின் நீளம் போதாமல் காலை மடக்கிப் படுத்திருந்தாய். "ஏதாவது வந்துச்சா?" என்றாய்.

"ஒண்ணு வந்தது. உயரம் பத்தல."

"எவ்ளோ?"

"ரெண்டு அங்குலம்."

"நான் கொறஞ்சுட்டேன்யா" என்றாய். "இப்ப பத்தும்."

அப்படி ஒரு படகு வரவே இல்லை. அதுவும் நான் சொன்ன பொய்தான். நான் ஜன்னல் வழியே வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வந்த மின்னஞ்சலை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று மதியம் மேடவாக்கம் போனேன். உன் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி இன்னும் அதே ஐந்தடி எட்டில்தான் இருக்கிறது. பாண்டிச்சேரிப் படகுக்குப் பிறகு எதையும் மாடியில் வரையும் அளவுக்கு நான் தேற விட்டதில்லை. அவள் கையை உயர்த்தி எட்டிப் போடுகிறாள். மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கீழே போய், பீரோவிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட். அந்துருண்டை வாசனை.

"உங்களுக்கு வாங்கினதுண்ணா. அந்தப் பாண்டிச்சேரி படகு வந்தப்ப. 'அவனுக்குத் தண்ணின்னா பயம், இதக் குடுத்தா ஒத்துப்பான்'னாரு. நீங்க வேணாம்னு சொன்னதும் பீரோல வெச்சிட்டாரு. கேக்க வேண்டியதுதானேன்னேன். 'சங்கடப்படுவான். அவனா சொல்லட்டும்'னாரு."

அவனாகச் சொல்லட்டும் என்று ஆறு வருடம் காத்திருந்திருக்கிறாய். ஞாயிறு தவறாமல் வந்தேன். சொல்லவில்லை.

தாம்பரம் பேருந்தில் பை கிழிந்துவிட்டது. ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா சார், இந்த வருசமும் வெள்ளமா?"

பேருந்தில் நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"ஃபிரெண்டு வாங்கினது" என்றேன்.

அவர் ஜாக்கெட்டையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். "உங்களுக்குக் கரெக்டா இருக்கும் போலக்கீதே."

"ஆமாம்" என்றேன். "அளவெடுத்து வாங்கினது."