இரண்டு சர்ஜோனோ

சோலோ, பிப்ரவரி 18

அஸ்ஸலாமு அலைக்கும் அப்பா,

வேலை தேடி அலைந்து ஜகார்த்தா வெயிலில் இன்னும் உருகிவிடவில்லை என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். வாட்ஸ்அப் என்றால் தோளுக்கு மேலே நின்று படிக்கிறாள். மின்னஞ்சல் திறக்க மட்டும் அவளுக்குப் பொறுமை இல்லை. ஆகவே இனி இதுதான் நம் ரகசியத் தபால்.

செய்தி: பெரிய உத்தியோகக்காரர்கள் எல்லாம் கூடி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் அந்த இணையதளத்தில் உங்களுக்கு ஒரு பக்கம் திறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் நெசவாலையில் இருந்தவருக்கு வலைப்பின்னல் புதிதா என்ன? ஒரு கல்யாண விருந்துப் படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்தேன். கையிலிருந்த சாத்தே இறைச்சிக் குச்சியை மறைக்க முடியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பேனா மாதிரிதான் தெரிகிறது.

ஒரே சிக்கல். தளம் இரண்டாவது பெயர் கேட்டது. நமக்கு ஏது? உங்கள் அப்பா உங்களுக்கு 'சர்ஜோனோ' என்று சிக்கனமாக ஒன்றோடு நிறுத்திவிட்டார். காலியாக விட்டால் உள்ளேயே விடவில்லை. அதனால் அதையே இன்னொரு முறை போட்டுவிட்டேன். இனி நீங்கள் சர்ஜோனோ சர்ஜோனோ. ஆலையை மூடியவர்கள் ஒருவரைத்தானே அனுப்பினார்கள்? இன்னொருவர் மிச்சம் இருக்கிறார்.

கடவுச்சொல் கீழே இருக்கிறது. எழுதுவது என் வேலை, எதையும் தொடாமல் இருப்பது உங்கள் வேலை.

உங்கள் விளம்பரப் பிரிவுத் தலைவி,
கினாந்தி

*

ஜகார்த்தா, பிப்ரவரி 25

அன்புள்ள கினா,

வ அலைக்கும் ஸலாம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பக்கத்தைப் பார்த்தேன். 'ஏற்றுமதிப் பிரிவுக்குத் தலைமை தாங்கி உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்' என்று போட்டிருக்கிறாய். தன்னைப் பற்றி யாராவது இப்படிச் சொல்வார்களா, கினா? என்னோடு வேலை பார்த்தவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள்? 'ஏற்றுமதிப் பிரிவில் உடனிருந்தேன்' என்று மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே எல்லா இடத்திலும் வயதைக் கேட்கிறார்கள். நாற்பத்தொன்பது என்றதும் கோப்பை மூடுகிறார்கள், மரியாதையாக.

பெருநாளுக்குள் ஏதாவது அமைய வேண்டும். ஊரே புதுச்சட்டை போட்டு வீடு வீடாக வரும். 'இப்ப எங்க வேலை, பாக் சர்ஜோனோ?' என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாமல் வாசலில் நிற்க என்னால் முடியாது. வேலை கிடைத்தால் வருகிறேன். இல்லாவிட்டால் வரமாட்டேன். இது உனக்கு மட்டும்.

இருவரில் ஒருவனுக்காவது கிடைக்கட்டும்.

அப்பா

*

சோலோ, மார்ச் 15

அப்பாமார்களே, இருவருக்கும் ஸலாம்!

நோன்பு எப்படிப் போகிறது? முதலில் என் புகார். உலகமே அங்கே 'பெருமையுடன் அறிவிக்கிறேன்' என்று முழங்கும்போது நீங்கள் 'உடனிருந்தேன்' என்கிறீர்கள். உடனிருக்க ஆலையில் பூனைகூட இருந்தது. மறுபடி 'தலைமை தாங்கினார்' ஆக்கிவிட்டேன்.

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆலையின் கடைசி நாளைப் பற்றி அன்று சோறு சாப்பிடும்போது சொன்னீர்களே, அதை உங்கள் குரலில் எழுதிப் போட்டேன்:

'மாலையில் வருகைப்பதிவு எந்திரத்தில் விரல் வைத்தேன். "நன்றி, நாளை சந்திப்போம்" என்றது. அன்று எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒரே மேலதிகாரி அதுதான்.'

அப்பா, நாடே சிரிக்கிறது! சுராபாயாவிலிருந்து பாலிவரை ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி. என் வகுப்புத் தோழி அது உங்கள் பக்கம் என்று தெரியாமலே எனக்கு அனுப்பி, 'இந்த ஆள் செம, படிடீ' என்கிறாள்.

எல்லாவற்றையும்விட, ஜகார்த்தாவில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். செவ்வாய் காலை. நீலச் சட்டை போடுங்கள். சாத்தே குச்சி வேண்டாம்.

பெருநாளுக்குப் பேருந்து டிக்கெட் இப்போதே எடுங்கள்!

கினா

*

ஜகார்த்தா, மார்ச் 28

அன்பு மகளுக்கு,

உடனே எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

நீலச் சட்டைதான் போட்டுப் போனேன். மூன்று பேர், எல்லாரும் சின்னவர்கள், நல்ல பிள்ளைகள். உள்ளே நுழைந்ததுமே ஒருவர், "பாக் சர்ஜோனோ! அந்த விரல் எந்திரம்! எங்க ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது" என்றார். பிறகு நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள், சிரிப்பை முகத்தில் தயாராக வைத்துக்கொண்டு. கேட்டதற்குப் பதில் சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"பக்கத்துல அவ்ளோ கலகலன்னு இருக்கீங்க, நேர்ல இவ்ளோ அமைதியா?" என்று அவர்களில் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அது என் பொண்ணு எழுதறது" என்றேன்.

அப்புறம் அவள் அன்பாகத்தான் சொன்னாள்: "படிப்பு முடிஞ்சதும் அவளை எங்ககிட்ட அனுப்புங்க, பாக்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் மேல் தப்பில்லை, கினா. ஆனால் அந்த எந்திரம் பேசியதை வேடிக்கைக்காக நான் உங்களிடம் சொல்லவில்லை. அன்று அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

பக்கத்தில் இருக்கும் சர்ஜோனோவை எனக்கும் பிடிக்கிறது. நான் முதலாளியாக இருந்தால் அவனைத்தான் எடுப்பேன். என்னை எடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. 'புதிய பொறுப்பை ஏற்றிருப்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன்' என்று அதில் ஒன்று போடு. கம்பெனி பெயர் வேண்டாம். லீவு கிடைக்கவில்லை என்று ஊர் நம்பிவிடும். அம்மாவும் நம்புவாள். நீ எழுதினால் எல்லாரும் நம்புகிறார்கள்.

போனை அணைத்து வைக்கப் போகிறேன். தேடாதே.

அப்பா

*

சோலோ, ஏப்ரல் 6

அப்பா,

நீங்கள் போனை அணைத்த பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டையும் திறந்தீர்களா என்றே தெரியவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது.

பொய் எழுத எனக்குக் கூச்சமே கிடையாது. பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களில் உங்களுக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. நீங்கள் கேட்டதையும் எழுதினேன். அழகாகவே வந்தது. 'வெளியிடு' என்பதை மட்டும் அழுத்த முடியவில்லை. அழுத்தினால் பக்கத்தில் இருப்பவர் வேலைக்குப் போய்விடுவார். இன்னொருவர் எங்கே போவார்?

ரகசியத் தபாலை உடைத்துவிட்டேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் காட்டினேன். அவள் பெருநாள் சோற்றை வேகவைக்கத் தென்னங்குருத்தில் கெத்துபாட் கூடு முடைந்துகொண்டிருந்தாள். கடைசிவரை படித்துவிட்டு, "உங்கப்பா வேலையோட வந்தா ஒரு கெத்துபாட், வேலையில்லாம வந்தா ரெண்டு. மெலிஞ்சு போயிருப்பார்ல" என்றாள். "யாராச்சும் வாசல்ல நின்னு எங்க வேலைன்னு கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்." உங்களுக்குத் தெரியும், அம்மா பதில் சொன்னால் தெருவில் ஒருவர்கூட நிற்க மாட்டார்.

பிறகு உங்கள் பக்கத்தில் நான் எழுதிய அத்தனையையும் அழித்தேன். எந்திரத்தையும்தான். அந்தக் கதையை உங்களிடம் கேட்காமல் போட்டிருக்கக் கூடாது. மறுபடி 'உடனிருந்தேன்' என்றே போட்டுவிட்டேன். பெயருக்குக் கீழே 'வேலை தேடுகிறார்' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 'இவரை வீட்டில் தேடுகிறார்கள்' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் பொய் கலக்காத ஒரே வரி அதுதான்.

எனக்கு விளம்பரம் தெரியாது அப்பா. வாங்க. அவ்வளவுதான்.

கினா

பின்குறிப்பு: அனுப்பும் முன் இன்னொரு தடவை உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். ஊர் என்ற இடத்தில் 'ஜகார்த்தா' இல்லை. 'சோலோ' என்று இருக்கிறது. நான் மாற்றவில்லை. கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

பேருந்தில்தான் இருக்கிறீர்கள் என்றால் பதில் போட வேண்டாம், தூங்குங்கள். அம்மா இரண்டாவது கூட்டை முடைய ஆரம்பித்துவிட்டாள்.