கண் அளக்கும் நேரம்

மாரிக்குப்பம்
1903, ஆவணி 12

அன்புள்ள பச்சையம்மாளுக்கு நரசிங்கன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நான் நன்றாக இருக்கிறேன். போன மாதம் இங்கே ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். முன்பே எழுதினால் பயப்படுவாய் என்று எழுதவில்லை. பார்வை வந்துவிட்டது. வெட்டிய இடம் ஆறும்போது கருவிழியைக் கொஞ்சம் இழுத்துவிட்டதாம். தடிக் கண்ணாடி போட்டாலும் சன்னலில் நிற்கிற கம்பி தெளிவாகவும் படுத்த கம்பி கலங்கலாகவும் தெரிகிறது. அந்தக் கோணலை அளந்து வேறு கண்ணாடி கொடுத்த பிறகுதான் ஊருக்கு விடுவார்கள்.

அளக்க ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. எதிரே ஆடாமல் உட்கார்ந்தால், என் கண்ணில் மின்னும் இரண்டு வெளிச்சங்களை டாக்டர் துரை ஒட்டவைத்துக் கணக்கெடுப்பார். நேற்று என் தலை ஆடிக்கொண்டே இருந்தது. கட்டுப்போடும் பர்னபாஸ், "ஊட்டை நெனச்சிக்கோ நரசிங்கா, ஆடாம குந்துவே" என்றார். வீட்டையும் உன்னையும் நினைத்தேன். தலை நின்றது, கண் நிரம்பிவிட்டது. வெளிச்சம் கலைந்துபோய், துரை இன்று வரச் சொல்லிவிட்டார். இன்றும் அதே கதைதான். "இன்னாய்யா, மறுபடியும் தண்ணி ரொப்பிக்கினியே!" என்று பர்னபாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

உன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. கண்ணைத் துடைத்தால் ஆஸ்பத்திரித் துணி உறுத்துகிறது. துவைக்காமல் அனுப்பு. இதை வாசித்துக் காட்டும் உன் தம்பி சிரித்தால் சிரிக்கட்டும்.

தபால்காரர் கிளம்புகிறார். நாளைக்கு உன்னை விட்டுவிட்டு சுரங்கத்தில் எங்களை விரட்டுகிற மேஸ்திரியின் மூஞ்சியை நினைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. சீக்கிரம் உன்னிடம் வரத்தான்.

நரசிங்கன்