அப்பா கேட்டு நடந்த பாதை

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே பனி. எதிர்வீட்டுத் தகரம்கூடத் தெரியவில்லை. செய்ய வேண்டியவை: காஸ் சிலிண்டர், பல் வைத்தியர், குடைக்கம்பி, காணி.

பி.ப. 2க்கு நானுஓயா ஆசிரியர் அழைத்தார். எங்கள் தலவாக்கலைக் காணியை வாங்குவதாக இருந்தவர். வேண்டாமாம்.

"பேங்க் லோயர் லோன் தர ஏலாதுன்னுட்டாரு மிஸ். காணி உறுதிப் பத்திரத்துல பாதை இல்லையாம்."

பாதை இல்லையா? லொறியே போகிறதே. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் உறுதியை எடுத்துப் படித்தேன். வடக்கும் கிழக்கும் தேயிலை, மேற்கே ஓடை, தெற்கே ஹாஜியாரின் மரக்கறித் தோட்டம். அவ்வளவுதான். மெயின் ரோட்டிலிருந்து நம் காணி வரைக்கும் உள்ள வழி முழுக்க ஹாஜியாரின் நிலத்துக்குள். பிளானில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக ஊரார் உறுதிகளை மொழிபெயர்க்கிறேன். அப்பாவுடையதை ஒருமுறையும் முழுதாகப் படித்ததில்லை. வெட்கம்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர், இதை நான் வாங்கத் தந்த தவணை 31ஆம் திகதி. காணி விற்றால் ஹட்டனில் இந்த வீடு எனக்கு. இல்லையென்றால் கண்டியிலிருந்து ஒருவர் தயாராக இருக்கிறார். பதினாறு வருடம் குடியிருந்த வீடு.

காஸ் வாங்கவில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

அரை நாள் லீவு. நுவரெலியா. சட்டத்தரணியைப் பார்க்க. இந்த லோயர், பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி, ஆகவே மரியாதை எதிர்பார்க்க முடியாது.

"உங்கப்பா அந்த வழியில எப்பிடிடி நடந்தாரு?"

"காலாலதான்."

"பகிடி வேணாம். பத்து வருசம் யாரையும் கேக்காம, தன்னோட பாதை மாதிரி நடந்திருந்தா உரிமை வந்திருக்கும். கேட்டாரா?"

கேட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஹாஜியார் வீட்டுக்கு ஒரு தட்டு முறுக்கு, அதன்மேல் ஒரு கடிதம். 'இவ்வருடமும் தங்கள் காணியூடாகச் சென்றுவர அனுமதி தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். துரைமாருக்கு எழுதியே பழகிய கை.

அவள் பேனாவை மூடினாள். "மரியாதையா கேட்டுக் கேட்டே உரிமைய இல்லாம ஆக்கிட்டாரு மனுசன். தயவுல நடந்தவனுக்குப் பாதை சொந்தமாகாது. வழக்கு வைக்கலாம். எப்ப முடியும்னு மட்டும் கேக்காத."

"அப்ப இத யாரு வாங்குவா?"

"லோன் எடுக்காதவன். இல்லாட்டி, பிளான் பார்க்காதவன்."

திரும்பும் பஸ்ஸில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு. அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக அவர்மேல் கோபம்.

ஒக்டோபர் 11, சனி

காணி பார்க்க ஒரு ஜோடி. ஸ்டெல்லா, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்ப்பவர். கணவர் அந்தோனி, மேசன். சேமித்த காசு, லோன் இல்லை. உறுதியைக் காட்டினேன், கையில் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பிளான் கேட்கவில்லை.

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு அடியெடுத்து அளந்தார். "இது குசினி, அடுப்பு இங்க. இந்தப் பக்கம் ஜன்னல். லயத்து வரிசை வீட்டுல நம்ம குசினியில தும்முனா பக்கத்து வீட்டுல 'ஆண்டவரே'ங்கிறாங்க மிஸ்."

அந்தோனி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், ஓடைக்கரையைப் பார்த்தார். விலை ஒப்புக்கொண்டார்கள். நான் பாதை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரவு தம்பிக்கு (வத்தளையில்) போன். அவனுக்கும் பங்கு உண்டு.

"அவங்க கேட்டாங்களா அக்கா?"

"இல்ல."

"கேக்காத கேள்விக்கு நீ ஏன் பதில் தேடுற?"

ஹாஜியார் உயிரோடு இருக்கும்வரை யாரும் மறிக்கப் போவதில்லை. அவருக்கு எழுபத்தெட்டு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. வாய் ஒரு பக்கம் மரத்திருக்க, அங்கிருந்தே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அந்தோனியும் வந்திருந்தார், கதவு திருத்த. இருவரிடமும் சொன்னேன்: காணிக்குப் பாதை உரிமை இல்லை, நாளைக்கு யாராவது மறித்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

ஸ்டெல்லா ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நான் பொறந்த லயத்துக்கு உறுதி இருக்கா மிஸ்? அங்க போற ரோட்டுக்கு இருக்கா? கம்பெனி கேட்டைப் பூட்டுனா நாங்க அம்புட்டுப் பேரும் உள்ளுக்குத்தான். எங்களுக்கு இது புதுசா?"

எனக்கு நிம்மதி வந்தது. அரை நிமிடம்.

அந்தோனி சுத்தியலைக் கீழே வைத்தார். "அதனாலதான புள்ள வெளியில காணி தேடுறோம். அங்கயும் ஒருத்தர் தயவுலயா?" என்னைப் பார்த்து, "சொன்னதுக்கு நன்றிங்க மிஸ். பாதை எழுத்துல இருந்தா வாங்குறோம். இல்லாட்டி வேணாங்க."

ஸ்டெல்லாவின் முகம் விழுந்தது. மாத முடிவு வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பிக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மழை இல்லை, நல்ல குளிர். கோயிலுக்குப் போகவில்லை. முறுக்கு கடையில் வாங்கியது. எனக்குச் சுட வராது.

ஹாஜியார் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க மகள், வாங்க. முறுக்கு கடையிலயா? தெரியுது, எல்லாம் ஒரே அளவு." பிறகு பைக்குள் எட்டிப் பார்த்தார். "காயிதம் எங்க?"

உள்ளே போய் ஒரு ஃபைல் கொண்டுவந்தார். அப்பாவின் கடிதங்கள், வருட வரிசையில். "ஒண்ணையும் வீசல்ல. இப்பிடி மரியாதையா எழுதின மனுசன் இந்த டவுன்ல வேற யாரு?"

வழக்கு வைத்தால் எனக்கு எதிரான சாட்சி முழுவதும் அந்த ஃபைலில். அவர் அதைக் கல்யாண அல்பம் போலப் புரட்டிக் காட்டினார்.

கேட்டுவிட்டேன். கடிதமில்லை, அனுமதி வேண்டாம், உறுதியில் பாதை வேண்டும் என்று.

முகம் மாறியது. "நான் எப்பவாவது மறிச்சனா மகள்?"

"நீங்க மறிக்க மாட்டீங்க ஹாஜியார். உங்களுக்குப் பொறகு?"

தேநீர் வந்தது, ஆறியது.

"எழுதித் தந்தா பொறகு நீங்க யாரும் கேட்டு வர மாட்டீங்களே," என்றார். சிரித்துக்கொண்டுதான். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பாவின் கோரிக்கைகளை அவமானம் என்று நினைத்திருந்தேன். இவருக்கு அவை வேறு எதுவோ.

மகன்மாரிடம் பேச வேண்டும் என்றார். அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். வீடு போய்விட்டது என்றே நினைத்து வந்தேன். கண்ணாடி அலுமாரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒக்டோபர் 23, வியாழன்

இடி, பிறகு அடைமழை. ஹாஜியார் நனைந்துகொண்டே அலுவலகத்துக்கு. என் மேசையில் ஈரக்குடையை வைத்தார், மேலே ஒரு அளவு நாடா.

"லொறி ஒண்டு, எதிரால ஒரு ஆள். பன்னிரண்டு அடி அகலம். நானே அளந்திட்டன். பிளான் கீற சேவையரை வரச் சொல்லுங்க."

மகன்மார்?

"ஏசினாங்க. காணி இன்னும் எண்ட பேர்லதான் மகள்."

நன்றி சொல்லத் தொடங்கினேன், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பிக்குப் போன். உடனே: "பாதை வந்துட்டுதா? அப்ப விலையைக் கூட்டு!"

"சொன்ன விலை சொன்னதுதான்."

"நீ அப்பாவேதான்." திட்டுவதாக நினைத்துச் சொன்னான்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

உறுதி எழுதும் நொத்தாரிசு மு.ப. 10 என்றார், தொடங்கியது 11.30. தம்பிக்காகவும் நானே ஒப்பமிட, அவனுடைய அட்டோர்னிப் பத்திரம் என்னிடம். வாசிக்கும்போது ஓரிடத்தில் நிமிர்ந்தேன்: 'ஆட்களும் வாகனங்களும் பிரேதமும் எக்காலத்திலும் தடையின்றிச் செல்ல.' நான் பார்த்த பிரதியில் பிரேதம் இல்லை.

"நான்தான் போடச் சொன்ன," என்றார் ஹாஜியார். "பாதைச் சண்டையில மையத்தைத் தூக்கிட்டுப் போறவங்களையே மறிச்சு வச்ச ஆக்கள் ஈக்கிறாங்க."

ஸ்டெல்லா: "அதுக்கு முன்ன கட்டிலக் கொண்டு போகணுமே ஹாஜியார். அதுக்கு ஒரு சொல்லு போட்டாச்சா?"

நொத்தாரிசு சிரிக்கவில்லை. 'வீட்டுச் சாமான்களும்' என்று சேர்த்தார். ஓரத்தில் எல்லோரும் சிறு ஒப்பம்.

வீட்டை நானே வாங்குகிறேன் என்று அதன் சொந்தக்காரருக்கு அங்கிருந்தே அழைத்துச் சொல்லிவிட்டேன்.

பிறகு அவர்களோடு த்ரீவீலில் காணிக்கு. மெயின் ரோட்டிலேயே டிரைவர் நிறுத்தினான்.

"உள்ளுக்கு வேற ஆளோட காணிங்களே. கேட்டுட்டுப் போவமா?"

அந்தோனி இறங்கவில்லை.

"போ," என்றார்.