பிள்ளையார் சுழி இல்லாத கடிதம்

பெங்களூர்
12.9.1999

அப்பாவுக்கு கோமதிசங்கர் எழுதுவது. நானும் ரீபாவும் நலம். உங்கள் முட்டுவலி தேவலையா?

போன கடிதத்தையும் பிரித்து, மேலே மட்டும் பார்த்து, ஒட்டித் திருப்பிவிட்டீர்கள். தபால்காரரிடம் நீங்கள் சொன்னதைத் தங்கச்சி வேணி போனில் சொன்னாள்: "உச்சியில பிள்ளையார் சுழி இல்ல. மேக்கொண்டு என்னத்தப் படிக்க? கொண்டு போவும் வே." சுழியை ரீபா நிறுத்தச் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி நம் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றீர்களே, அன்று நானாக விட்டேன்.

செல்போனில் இணையம் பார்க்க நிரல் எழுதுகிறேன். சர்வர் அனுப்பும் பதிலின் மேலே ஹெடர் என்று சில வரிகள் வரும். விஷயம் அதற்குக் கீழே. நேற்று ஒரு கூத்து. தெரியாத ஹெடர் ஒன்றைக் கண்டதும் என் நிரல் பதில் முழுவதையும் தூக்கிப் போட்டது. எங்கள் மேலதிகாரி ஜெய்சன் அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்காரர், எல்லார் முன்னாலும் கத்தினார்:

"ஏலே, தெரியாத வரிய விட்டுட்டு மத்ததப் படிக்கணும்லா? இத யாருகிட்டலே படிச்ச?"

"எங்கப்பாகிட்ட" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ரீபாவுக்கு ஏழாம் மாதம். எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து யாராவது வந்தால் அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள்.

ஆண் பிள்ளை பிறந்தால் உங்கள் பெயர்தான் என்கிறாள் அவள். கூடாது என்கிறேன் நான். இந்த வரி வரை வந்திருந்தால், யார் சொல்வது நடக்கட்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

கோமதிசங்கர்