இருநூற்றுப் பதிமூன்றாவது கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இதற்குள் உன் புலம்பல் கடிதம் வந்திருக்கும். நம் இருவருக்கும் எச்.ஆர். வேலை என்றால் சட்டம் படிப்பது என்றே ஆகிவிட்டது. போன வாரம் படித்தது இந்த வாரம் செல்லாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுகிறேன். எல்லாரும் 'படித்தேன், புரிந்தது' என்று கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதவேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நானே எண்ணுவேன்.

தொழிற்சாலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நேற்றுத் தாளில் இருநூற்றுப் பதிமூன்று கையெழுத்து. கடைசியாக இருந்தது பேக்கிங் பெண்ணுடையது. போன மாதம் எட்டு மாதக் கர்ப்பத்தோடு வேலை செய்த இடத்திலேயே விழுந்து இறந்தாளே, அவள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் குட்டை

மார்ச் 9

அடி குட்டை,

எவனோ விளையாடுகிறான். பழைய தாளைப் பார்த்து எழுத எத்தனை நேரம் ஆகும்? அடுத்த முறை தாளை நீயே மேசை மேசையாகக் கொண்டுபோ.

உன் மனசுதான் உன்னைப் படுத்துகிறது. கர்ப்பிணிகளை நிற்கவைத்து வேலை வாங்கக் கூடாது என்ற சுற்றறிக்கை வந்த அன்று நீ அலுவலகத்திலேயே இல்லை. புதிய சட்டங்களைத் தவறவிடாமல் இருப்பது எப்படி என்ற பயிற்சிக்குப் போயிருந்தாய். சிரிப்பதா, அழுவதா? திரும்பி வந்தும் அது வந்த உறையைப் பிரிக்கவில்லை. அவள் இறந்த பிறகுதான் வந்தது என்று முத்திரை குத்தச் சொன்னவள் நான். நடந்தது நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடு.

நெட்டை

மார்ச் 17

அன்புள்ள நெட்டைக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். தாளைக் கையைவிட்டு இறக்கவில்லை. கடைசி ஆள் போட்டு முடித்ததும் எண்ணினேன். அவள் இருந்தாள். மை உலரவில்லை. எழுத்து நடுங்கியிருந்தது, கால் வலிக்க நின்றுகொண்டே எழுதியதுபோல. பக்கத்தில் பிப்ரவரி 9 என்று தேதி. உறை உண்மையில் வந்த நாள். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அவள் என்னிடம் வந்து கேட்டாள். "அக்கா, உட்கார்ந்து வேலை செய்யலாம்னு புதுசா சட்டம் வந்திருக்காமே?"

"வந்தா எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். மறுநாள் விழுந்தாள்.

அவள் கணவர் மூன்று முறை வந்து ஒரே கேள்வியைக் கேட்டார். அவள் கேட்டபோது சட்டம் இருந்ததா? இல்லை என்றே சொல்லி அனுப்பினேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய், இருந்தது என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. உன் பெயரை இழுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். இன்றைய தாளில் இருநூற்றுப் பன்னிரண்டுதான்.

குட்டை

மார்ச் 24

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பெயரைச் சொல்லவில்லை என்றதும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று எங்கள் அலுவலகத் தாள் சுற்றி முடிந்து வந்தது. இங்கே நாற்பத்தாறு பேர். கையெழுத்து நாற்பத்தேழு. அவள் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் பெயரும் நடுக்கமும் நீ எழுதியபடியே இருக்கின்றன. தேதி எழுதும் இடம் மட்டும் காலி. அதை நான்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது.

அவள் கணவரின் விலாசத்தை உடனே அனுப்பு.

நெட்டை