நீ உட்கார்ந்த நாற்காலி

அன்புள்ள ரேடியோவுக்கு,

சளி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி நான் நலம்தான். நீயும் நன்றாகவே இருப்பாய், உனக்கென்ன! இங்கே போனில் சிக்னல் கிடைக்காததால் பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதலில் இதைப் படி. செவ்வாய்க்கிழமை நீ அறிக்கையைக் கொடுப்பதற்குள் படித்தாக வேண்டும்.

நீ மேட்டுத் தெருவில் எந்த வீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்ற வசதிக் கணக்கை முடித்துவிட்டு ஜம்மென்று பஸ் ஏறிவிட்டாய். நோய், பிரசவம், தண்ணீர் என்று என் பங்குக் கேள்விகளோடு அதே வீடுகளுக்கு நான் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே பெண்கள் எல்லோருக்கும் முழங்கால் வலி. ஓடைக்கு இறங்கும் பாதை முழுக்க உருளும் கற்கள். குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறும்போது யாரும் பேசுவதில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும். கடைசி வீட்டு மருமகளுக்கு இது நிறைமாதம். போன வாரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு மறுபடியும் ஓடைக்குத்தான் போகிறாள்.

இதெல்லாம் இருக்கட்டும். எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிரிச்சிச் சிரிச்சிப் பேசுமே, அந்தப் பொண்ணு வரலியா?" உனக்கு வந்த தபாலைக் கொடுக்க வந்தவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு நிற்பேன். வரவில்லை என்றதும், "சரி, நீயாவது உள்ள வாம்மா" என்பார்கள். அந்த 'நீயாவது' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நம்மைக் கணக்கெடுக்க அனுப்பிய அதிகாரியும் உன்னைப் புகழ்ந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வேலைக்கு ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வாராம். யார் என்று நீயே சொல்லிவிடுவாய்.

எல்லாவற்றையும்விட நாற்காலிதான் என்னைச் சுட்டது. எல்லா வீட்டிலும் உனக்கு நாற்காலி போட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாயே, எனக்கு ஒரு வீட்டிலும் போடவில்லை. சாக்கை உதறி விரித்தார்கள், அவ்வளவுதான். உள்ளேயாவது இருக்கிறதா என்று நானும் ஓரக்கண்ணால் பார்ப்பேன். என் மூஞ்சிக்குச் சாக்கு போதும் என்று எடுத்து ஒளித்துவிட்டார்கள் போல என்றுகூட நினைத்தேன்.

நேற்று மணிக்கட்டு முறிந்தவளின் மாமியாரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகப் போய் இழுத்த முதல் சண்டை அதுதான். "அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டீங்களேக்கா?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது பால்காரி வீட்டு நாற்காலிம்மா! அந்தப் பொண்ணு ஒரு வீட்ல பேசி முடிக்கிறதுக்குள்ள நாங்க பின்பக்கமா அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடுவோம். சுவர்க் கடிகாரம், ரோஜாப்பூ போர்வை எல்லாம் சேர்த்துத்தான். படிச்ச பொண்ணு, நம்ம வீடு தேடி வந்திருக்கு. தரையிலயா உக்கார வைக்கிறது? கேவலமா இருக்காது?"

போனில் நீ எடுத்த படங்களைத் திறந்து பார். நாற்காலியின் பின்னங்காலில் நீல ஒயர் சுற்றியிருக்கும். எல்லாப் படத்திலும் அதே கால், அதே ஒயர்.

வசதி குறைந்த ஊருக்குத்தான் தண்ணீர்க் குழாய் என்று அதிகாரி சொன்னது நினைவிருக்கிறதா? உன் கணக்குப்படி மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு நாற்காலி, கடிகாரம், கட்டில் போர்வை. குழாய் வேறு ஊருக்குப் போய்விடும். இதை நான் சொன்னதும் மாமியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. மருமகளின் கையைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணத் திரும்ப வரச் சொல்லும்மா, உள்ளதச் சொல்றோம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நாற்காலி போடாம எப்படி?" என்றார்.

எனக்கு ஏன் போடவில்லை என்றும் கேட்டேன். "நீதான் வந்ததும் வராததுமா கீழ உக்காந்துட்டியே, நம்ம வீட்டுப் பொண்ணாட்டம்" என்றார். இதைக் கேட்டு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. எனக்காக யாரும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லையே! நான் பள்ளியில் படிக்கும்போது வாத்தியார் வீட்டுக்கு வந்தால் என் அம்மா எதிர்வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். மூச்சிரைப்பை மறைத்துக்கொண்டு, "உக்காருங்க சார்" என்பாள். வாத்தியாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உனக்கும் தெரிந்திருக்காது.

முதலில் அதிகாரிக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொறாமையில் எழுதுகிறாள் என்பார். அது பொய்யும் இல்லையே! நாற்காலிக் கதையைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கவலையில்லை, சந்தோஷம்தான். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். உன் கணக்கை நீயே திருத்தினால் உனக்கும் கௌரவம், இவர்களுக்கும் கௌரவம். நீ கேட்டால் சொல்வார்கள்; உன்னிடம்தான் சொல்வார்கள்.

அறிக்கையைக் கொடுத்துவிடாதே. பஸ் ஏறி வா. வந்ததும் எந்த வீட்டு வாசலாக இருந்தாலும் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிடு. யோசித்தால் நாற்காலி வந்துவிடும். நான் முன்னாலேயே போய்ச் சாக்கில் உனக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.

உன் வருகைக்காக வழி பார்த்திருக்கும்,
உன் ஊமைக்கோட்டான்