எலி அறைக்கு வெளியே

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் இதைக் கடிதத்தில் எழுதத் தோன்றியதில்லை. இப்போது இதுதான் முதல் செய்தி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாரா?

நான்கு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்து எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது, கூண்டில் மரத்தூள் மாற்றுவது. பதினோரு வருடம். "என்ன எலி ராணி, ராஜ்யம் எப்படிப் போகுது?" என்று வாசல் காவலாளி தினமும் கேட்பார். காலை ஏழுக்கு உள்ளே போனால் நான்கு மணிவரை எலிகளோடுதான் பேச்சு. சிரிக்காதே. என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு என் குரல் எனக்கே மறந்துபோகாமல் இருந்தது அவற்றால்தான்.

இருமல் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். திங்கள் மதியத்துக்குள் நெஞ்சில் விசில் அடிக்கும். காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்தேன். சொன்னால் எலி அறைக்குள் விடமாட்டார்களே. முகக்கவசத்தை இரண்டாகப் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஆஸ்துமாவைப் பற்றி ஆராய்கிற மாணவி ஒருத்தி அங்கே இருக்கிறாள். ஒரு நாள் கூப்பிட்டு, நான் வளர்த்த எலி ஒன்றின் நுரையீரலை நுண்ணோக்கியில் காட்டினாள். மூச்சுக்குழாயைச் சுற்றி இளஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ மொய்த்திருந்தது. "இது ஒரு வகை வெள்ளணு. வயித்துல புழு வந்தா விரட்டறதுக்கு இருக்கற பட்டாளம். இங்க புழுவே இல்ல பாருங்க. வெறும் தூசிக்குக் கிளம்பி வந்து சொந்த வீட்டையே உடைச்சுட்டு இருக்கு" என்றாள். யார் வரச் சொன்னார்கள் என்று கேட்டேன். "அதைக் கூப்பிடறது வேற ஒரு அணு. அதுக்கு ஞாபகம் ஜாஸ்தி. ஒண்ணை எதிரின்னு முடிவு பண்ணிட்டா வருஷக்கணக்கா நுரையீரல்லயே காத்துட்டு உக்காந்திருக்கும்" என்றாள். நான் இருமலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் அழுக்கு மரத்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு அடைத்துக்கொண்டது. கத்தலாம் என்று பார்த்தேன். கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே. கூண்டு கழுவுகிறவள், அதுதான் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாளே, அவள்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். என்னை மார்போடு அணைத்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தமும் சளியும் எடுத்துப் பார்த்தார்கள். என் சளியிலும் அதே இளஞ்சிவப்புப் பட்டாளம். எலி மூத்திரத்தில் இருக்கும் ஒரு புரதம் காய்ந்து தூசியாகப் பறக்குமாம். என் உடம்பு அதைத்தான் எதிரி என்று முடிவு செய்திருக்கிறதாம். "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் டாக்டர்?" என்று அசடு மாதிரி கேட்டேன். "சிலருக்கு உடனே வரும், சிலருக்கு வருஷம் கழிச்சு வரும். நீங்க ஆசையா வளர்த்தது உங்க அணுக்களுக்குத் தெரியாதேம்மா" என்றார் அந்த டாக்டரம்மா. அங்கே அழவில்லை. பேருந்தில் அழுதேன்.

வேலை போகவில்லை, பயப்படாதே. வாசல் பக்கம் பார்சல் வாங்கிக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் உட்கார்த்தியிருக்கிறார்கள். எலிப் பக்கம் போகக்கூடாது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது சாப்பாட்டு நேரம். உள்ளே வேலை செய்கிறவர்களின் உடுப்பில், தலைமுடியில் எல்லாம் அந்தத் தூசி இருக்கிறது. திரும்பி வந்த முதல் நாள், கூண்டு கழுவுகிறவள் ஆசையாக ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் எனக்கு விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது. மறுநாள் அடுத்த மேசையில் உட்கார்ந்தாள், அப்போதும் இழுத்தது. "நான் வேணும்னா குளிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அரை மணி நேர இடைவேளையில் எங்கே குளிப்பாள், பாவம். இப்போது கதவருகில் நின்று கை காட்டிவிட்டுப் போகிறாள். நான் பார்சல் அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்தாலும் நான்கு சுவர்தான்.

மருந்தை இரண்டு வேளையும் தவறாமல் உறிஞ்சுகிறேன். சண்டை போடும் அணுக்களை அடக்கி வைப்பதற்கென்றே வேறு சில அணுக்களும் உடம்பில் உண்டாம். தூசியிலிருந்து விலகியே இருந்தால் அவற்றின் கை ஓங்கலாமாம். "ஓங்கும்னு சொல்லலம்மா, ஓங்கலாம்" என்று டாக்டர் திருத்திச் சொன்னார். அந்த "லாம்"மைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன்.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வீட்டில் எலி நடமாட்டம் உண்டா? பரண், சமையலறை மூலை, மாடிப்படிக்கு அடியில் நான் வந்தால் படுத்துக்கொள்கிற அந்தச் சின்ன அறை, எல்லா இடமும் நன்றாகப் பார். அத்தானையும் பார்க்கச் சொல். வேறொன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன். ஆனால் பார்த்தவுடன் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை